இரைச்சலும் அயலானின் உறக்கமும்

இந்திய நாட்டில் ஒலி மாசு பற்றி எழும் வழக்குகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் தீர்ப்புகளுள் ஒன்று ஒரு திருச்சபையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய அத்தீர்ப்பில் மேல்முறையீடு செய்தவர்கள் 'சர்ச் ஆப் காட் (புல் காஸ்பல்) இன் இந்தியா' என்னும் சபையார். எதிர்த்து நின்றவர்கள் சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியைச் சேர்ந்த கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச் சங்கத்தார். இத்தீர்ப்பை நம் ஆயர்களுள் சிலர் திருச்சபைக்கு நேர்ந்த தோல்வி என்றும், வேறு சிலர் நமக்குத் தொடர்பற்ற ஒரு பெந்தெகொஸ்து சபையின் தொல்லை என்றும் கருதுகின்றனர். இவ்விரு கருத்துகளும் மறுபரிசீலனைக்கு உரியவை. ஒலியும் உடல்நலமும் பற்றி ஆய்வாளர்கள் கண்டறிந்தவற்றை அறிந்தாலன்றி அத்தீர்ப்பின் பொருள் நமக்கு முழுமையாக விளங்காது என்பதால், அவ்வாய்வுகளை இங்கு ஓரளவு விரிவாக எடுத்துரைக்க முற்படுகிறோம்.

வழக்கின் வரலாறு சுருக்கமானது. அச்சபையின் ஜெப மண்டபத்தில் முரசுத் தொகுதி, கிதார் முதலிய இசைக்கருவிகள் இருந்தன. வழிபாட்டில் ஒலிபெருக்கியும் பயன்படுத்தப்பட்டது. அவ்வோசையைத் தாங்க இயலவில்லை என்று குடியிருப்போர் 1996ஆம் ஆண்டு மே மாதம் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் முறையிட்டனர். பின்னர் 1998இல் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினர். சபையார் கூறிய மறுமொழி இரண்டு. சிறுபான்மைச் சமயத்தாரின் வழிபாட்டைத் தடுக்கும் உள்நோக்கத்தோடு வழக்குத் தொடுக்கப்பட்டது என்பது ஒன்று. இரைச்சலுக்குக் காரணம் சாலையில் ஓடும் வாகனங்களே என்பது மற்றொன்று. இரண்டாவது மறுமொழியில் ஓரளவு உண்மை இருந்ததை உயர் நீதிமன்றமும் ஏற்றது. வாரியத்தின் அளவாய்வும் வாகன ஓசைக்குப் பங்கு உண்டென்றே காட்டியது. ஆகவே 1999ஆம் ஆண்டு ஏப்ரலில், வாகனங்கள் மீதும் நடவடிக்கை எடுக்க வேண்டும், சபையாரும் தங்கள் ஒலிபெருக்கியின் அளவைத் தாழ்த்த வேண்டும் என்று காவல் துறைக்கு ஆணை பிறந்தது. ஒலியைச் சற்றுக் குறைக்கும்படி கூறிய இந்த எளிய ஆணையை எதிர்த்தே சபையார் டெல்லி வரை சென்றனர் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

உச்ச நீதிமன்றத்தில் எம்.பி. ஷா, எஸ்.என். புக்கன் ஆகிய இரு நீதிபதிகளும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தனர். பிறர் அமைதியைக் குலைத்து ஜெபிக்கும்படியோ, ஒலிபெருக்கி வைத்தோ முரசு கொட்டியோ ஜெபிக்கும்படியோ எந்தச் சமயமும் விதிப்பதில்லை என்பது அவர்களுடைய கருத்து. முதியோர், நோயாளிகள், படிக்கும் மாணவர், உறங்கும் குழந்தைகள் ஆகியோரின் உரிமைகளையும் அவர்கள் எடுத்துக்கூறினர். எந்தச் சமயம் எதை விதிக்கிறது என்று நீதிமன்றம் கூறலாமா என்னும் வினா இறையியல் மாணவருக்கு எழுவது இயல்பே. ஆனால் தீர்ப்பின் ஆணிவேர் அதுவன்று. அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு சமய உரிமையை வழங்கும்போதே, அது பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டது என்று தொடங்குகிறது. சுகாதாரம் என்ற அச்சொல்லை 1950இல் படித்தவர்கள் காலராவையும் அம்மையையும் நினைத்திருப்பர். இரைச்சலை நினைத்தவர் மிகச் சிலரே. அரை நூற்றாண்டில் அச்சொல்லின் எல்லை விரிந்ததற்கு ஆய்வாளர்களின் உழைப்பே காரணம்.

ஓசையின் அளவு

டெசிபல் என்னும் அளவு நாம் பழகிய கூட்டல் கணக்கில் அடங்குவதன்று. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. இருபது கூடினால் நூறு மடங்காகிறது. நம் செவியுணர்வுக்கோ பத்து டெசிபல் ஏற்றம் ஏறக்குறைய இரட்டிப்பு ஓசையாகத் தோன்றும். திறந்த வெளியில் தொலைவு பத்து மடங்கானால் ஒலி இருபது டெசிபல் குறையும். இவ்விரண்டு விதிகளை மட்டும் வைத்துக்கொண்டு நம் ஊர்க் குழாய் ஒலிபெருக்கியை ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்போம்.

கூம்பு வடிவக் குழாய் ஒன்றுக்கு ஒரு வாட் மின்திறன் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 105 டெசிபல் ஓசை பிறக்கும். முப்பது வாட் கொடுத்தால் அது 120ஐ எட்டும். நூறு மீட்டர் தொலைவில் அது 80 ஆகவும், ஒரு கிலோமீட்டர் தொலைவில் 60 ஆகவும் இருக்கும். இடையிலுள்ள மரங்களும் சுவர்களும் காற்றும் சிறிது குறைக்கலாம். ஆயினும் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் நம் நாட்டு விதி அனுமதிக்கும் அளவு 45 டெசிபல் மட்டுமே. அதாவது ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உறங்குபவரின் வாசலிலும் அந்த ஒரே குழாய் எல்லையை மீறக்கூடும். மேலும் மனிதச் செவி எந்தச் சுருதிகளை மிகக் கூர்மையாகக் கேட்கிறதோ அந்தச் சுருதிகளிலேயே குழாய் உரத்து ஒலிக்கும். அதன் பயனும் அதுவே, அதன் கேடும் அதுவே. பல ஊர்களில் காவல் நிலையத்தார் பெட்டி வடிவ ஒலிபெருக்கிகளையே பயன்படுத்த வேண்டும் என்று நிபந்தனை விதிப்பதற்கு இதனால் தக்க காரணம் உண்டு.

கம்பம் பள்ளத்தாக்கில் சுருளிப்பட்டி போன்றதோர் ஊரை எண்ணிப் பாருங்கள். ஒருபுறம் மேகமலைத் தொடர், மறுபுறம் கேரளத்து ஏலமலைத் தொடர். இடையே திராட்சைப் பந்தல்களும் தென்னந்தோப்புகளும் நிறைந்த சமவெளி. பகலில் தரை சூடேறும்போது ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். இரவில் தரை குளிர்ந்து, அதன்மேல் வெப்பமான காற்று படிந்திருக்கும் வேளையில் ஒலி கீழ்நோக்கி வளைந்து நெடுந்தூரம் செல்லும். அருவிக்கரையில் பேசும் பேச்சு அருவியின் ஓசையில் அமிழ்ந்துவிடுகிறது. ஆனால் விடியற்காலை நான்கரை மணிக்கு ஏதோ ஓர் ஊரின் குழாயில் ஒலிக்கும் பாட்டு அடுத்த ஊரின் படுக்கையறைக்குள் நுழைந்துவிடுகிறது. அப்பாட்டு கோவிலிலிருந்து வந்தாலும் பள்ளிவாசலிலிருந்து வந்தாலும் நம் சபையிலிருந்து வந்தாலும் இயற்பியல் விதி ஒன்றுதான்.

அவ்வேளையில் உறங்குவோர் யார்? கம்பம், கூடலூர்ப் பகுதிகளிலிருந்து இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் வேலைக்குச் செல்லும் பெண்கள் விடியுமுன் எழுந்து சமைத்து வைத்துவிட்டுப் புறப்படுபவர்கள். திராட்சைத் தோட்டத்தில் மருந்து தெளிப்பவர்களும் வெயில் ஏறுமுன் வேலையைத் தொடங்குபவர்களே. முந்தின இரவு பதினொரு மணி வரை நற்செய்திக் கூட்டத்தின் ஒலிபெருக்கி முழங்கியிருந்தால் இவர்களுக்கு எஞ்சிய உறக்கம் நான்கைந்து மணி நேரமே. நம் சபைகளில் பெரும்பான்மையோர் இத்தகைய உழைப்பாளிகள் என்பதை நாம் மறந்துவிட்டுக் கூட்டம் நடத்துகிறோமோ என்று ஐயுற வேண்டியுள்ளது.

ஆய்வாளர் கண்டவை

இரைச்சல் செவியைக் கெடுக்கும் என்பதைக் கொதிகலன் பட்டறைத் தொழிலாளரிடம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மருத்துவர்கள் கண்டனர். செவிக்கு அப்பாலும் அது கேடு செய்யும் என்ற ஐயத்தை எழுப்பியவர்களுள் ஒருவர் நியூயார்க் நகரத்துச் செவி மருத்துவரான சாமுவேல் ரோசன். அவரும் அவருடைய குழுவினரும் அன்றைய சூடான் நாட்டில் வாழ்ந்த மபான் என்னும் பழங்குடியினரை ஆராய்ந்து 1962இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டனர். துப்பாக்கியும் முரசும் அறியாத அம்மக்களின் முதியோர், அமெரிக்க நகரத்து முதியோரைக் காட்டிலும் மிக நன்றாகக் கேட்டனர். வயது ஏற ஏற இரத்த அழுத்தம் உயர்வதும் அவர்களிடம் காணப்படவில்லை. உணவும் வாழ்க்கை முறையும் வேறுபட்டிருந்தமையால் இதற்கு அமைதி ஒன்றே காரணம் என்று அறுதியிட்டுக் கூற முடியாது. எனினும் வினா எழுந்துவிட்டது.

அதைவிடத் தெளிவான சான்று ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. இது ஆசிரியர்களையும் பள்ளித் தாளாளர்களாகிய ஆயர்களையும் நேரடியாகத் தொடுவதால் விரித்துக் கூறுவோம். நியூயார்க் நகரத்தில் லேமன் கல்லூரியில் உளவியல் பேராசிரியராயிருந்த ஆர்லீன் பிரான்சாஃப்ட் அம்மையாரிடம் பயின்ற ஒரு தாய், தம் பிள்ளை படிக்கும் பள்ளியில் இரயில் ஓசையால் பாடம் நடத்தவே இயலவில்லை என்று முறையிட்டார். மன்ஹாட்டன் தீவின் வடபகுதியில் இருந்த அப்பள்ளியின் ஒரு பக்கத்து வகுப்பறைகளை ஒட்டி மேம்பாலப் பாதையில் இரயில்கள் ஓடின. நான்கரை நிமிடத்துக்கு ஒரு முறை வண்டி வரும். அப்போது வகுப்பறையில் ஓசை 89 டெசிபலை எட்டும். ஆசிரியர் பேச்சை நிறுத்தி வண்டி போகும்வரை காத்திருப்பார். அதே பள்ளியின் மறுபக்கத்து அறைகள் அமைதியாயிருந்தன.

பிள்ளைகள் திறமையைப் பார்த்து இப்பக்கம் அப்பக்கம் என்று பிரிக்கப்படவில்லை. அவர்கள் ஒரே தெருக்களிலிருந்து வந்த, ஒரே வகையான குடும்பத்துப் பிள்ளைகள். ஆகவே அக்கட்டடமே ஆய்வாளர் கேட்டுப் பெற முடியாத ஓர் ஆய்வுக்கூடமாக அமைந்துவிட்டது. பிரான்சாஃப்ட் அம்மையாரும் டென்னிஸ் மெக்கார்த்தியும் இருபக்கத்துப் பிள்ளைகளின் வாசிப்புத் தேர்வு மதிப்பெண்களை ஒப்பிட்டு 1975இல் வெளியிட்டனர். இரயில் பக்கத்துப் பிள்ளைகள் பின்தங்கியிருந்தனர். ஆறாம் வகுப்பை எட்டியபோது அப்பின்னடைவு ஏறத்தாழ ஓர் ஆண்டுப் படிப்புக்குச் சமமாயிருந்தது. அம்மையார் இத்தோடு நிற்கவில்லை. அதிகாரிகளை விடாது வற்புறுத்தியதன் பயனாகத் தண்டவாளங்களின் அடியில் இரப்பர்த் திண்டுகள் இடப்பட்டன. வகுப்பறைகளின் கூரையில் ஒலியை உறிஞ்சும் பலகைகள் பொருத்தப்பட்டன. 1981இல் வெளியான அடுத்த ஆய்வில் இருபக்கத்துப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனும் ஒன்றாகவே இருந்தது. நோயைக் காட்டியதோடு மருந்தையும் கொடுத்து, மருந்து பலித்ததையும் அளந்து காட்டிய ஆய்வுகள் அரியவை. இது அவற்றுள் ஒன்று.

உறக்கமும் இதயமும் பற்றிய சான்றுகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. கண்ணுக்கு இமை உண்டு, செவிக்கு இல்லை. நாம் உறங்கும்போதும் செவி விழித்திருக்கிறது; மூளை அவ்வோசையை அபாயமோ என்று ஆராய்ந்துகொண்டே இருக்கிறது. அபாயக் குறிப்புக் கிடைத்தவுடன் அட்ரினலின், கார்டிசோல் முதலிய சுரப்புகள் இரத்தத்தில் கலக்கின்றன. இதயத் துடிப்பு விரைகிறது. இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. உறங்குபவர் விழிக்காவிடினும் இது நடைபெறும். விமான நிலையங்களின் அருகில் வாழ்ந்த ஏறத்தாழ 140 பேரின் இரத்த அழுத்தத்தை இரவு முழுதும் அளந்து 2008இல் வெளியிடப்பட்ட ஆய்வில், விமானம் கடந்த சில நிமிடங்களில் மேல் அழுத்தம் சராசரியாக 6 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்தது தெரியவந்தது. விழித்தெழாதவரிடமும் அவ்வுயர்வு இருந்தது. இரவில் விமான ஓசை 10 டெசிபல் கூடினால் இரத்தக் கொதிப்புக்கான வாய்ப்பு ஏறத்தாழ 14 விழுக்காடு கூடுவதாக அதே ஆய்வுத் திட்டத்தின் மற்றொரு பகுதி காட்டிற்று. ஜெர்மனியில் உல்ஃப்காங் பாபிஷ் என்பவர் சாலை இரைச்சலுக்கும் மாரடைப்புக்கும் உள்ள தொடர்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். மைன்ஸ் நகரத்து இதய மருத்துவரான தாமஸ் மியுன்ட்செல் குழுவினர் இரைச்சல் இரத்தக் குழாயின் உட்சுவரை எவ்வாறு பழுதாக்குகிறது என்பதை விளக்கினர்.

இவற்றையெல்லாம் தொகுத்து உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட அறிக்கை, மேற்கு ஐரோப்பாவில் மட்டும் போக்குவரத்து இரைச்சலால் ஆண்டுதோறும் குறைந்தது பத்து இலட்சம் நலமான வாழ்நாள் ஆண்டுகள் இழக்கப்படுகின்றன என்று மதிப்பிட்டது. அவ்விழப்பில் மிகப் பெரும் பங்கு உறக்கக் கேட்டுக்கு உரியது. 2018இல் அந்நிறுவனம் ஐரோப்பாவுக்கு வகுத்த வழிகாட்டுதல், சாலை இரைச்சல் இரவில் 45 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. நம் நாட்டு விதியும் குடியிருப்புப் பகுதிக்கு அதே எண்ணைக் கூறுவது கருதத்தக்கது. எண்ணில் குறைவில்லை, அதைக் காப்பதில்தான் குறை. 2011இல் தொடங்கிய தேசிய ஒலி கண்காணிப்பு வலைப்பின்னல் சென்னை உட்பட ஏழு பெருநகரங்களுக்கு ஏற்பட்டது. சிற்றூரின் இரைச்சலை அளப்பவர் இல்லை.

இந்த ஆய்வுகள் இரயில், விமானம், வாகனம் பற்றியவையே அன்றி வழிபாட்டு ஒலி பற்றியவை அல்லவே என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆண்டில் சில நாட்கள் மட்டும் ஒலிக்கும் குழாயையும் நாள்தோறும் ஓடும் நெடுஞ்சாலையையும் ஒரே தட்டில் வைக்க இயலாது. ஆயினும் உறங்குபவரின் உடல், ஓசை புனிதமானதா அன்றா என்று பிரித்தறிந்து பதில் அளிப்பதில்லை. நாள்தோறும் விடியற்காலையில் ஒலிக்கும் பாட்டும், வாரந்தோறும் நடக்கும் முழு இரவு ஜெபமும், சில நாள் நிகழ்வு என்ற விலக்குக்கு உரியவை அல்ல.

திருமறையின் ஒளியில்

இச்செய்தி எழும்போதெல்லாம் நம்மவர் எடுத்துக்காட்டுவது 150ஆம் சங்கீதம். ஓசையுள்ள கைத்தாளங்களால் ஆண்டவரைத் துதிக்க வேண்டும் என்று அது அழைப்பது உண்மையே. மகிழ்ந்து பாடுவதைப் பாவம் என்று கூறும் வறண்ட பக்தியை நாம் பரிந்துரைக்கவில்லை. தமிழ்க் கிறிஸ்தவ வழிபாட்டில் மேளமும் தாளமும் இடம் பெறுவதற்கு நம் முன்னோர் பட்ட பாடு சிறிதன்று. ஆனால் அச்சங்கீதத்தின் தாளங்கள் மனிதர் கைவலிமைக்கு உட்பட்டவை. கூடிவந்தோர் நடுவே ஒலித்தவை. கை ஓய்ந்தால் தாளம் ஓயும். கூடிவராதவரின் காதில் வலிந்து புகும் மின்னோசைக்கு அச்சங்கீதத்தை அரணாக்குவது பொருந்தாது.

ஆமோஸ் ஐந்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் வெறுத்து அகற்றச் சொல்லும் வழிபாட்டுப் பாடலைக் குறிக்க நம் தமிழ்த் திருமறை ஆளும் சொல் 'இரைச்சல்' என்பதே. எபிரேயத்தில் அது 'ஹாமோன்'. கூட்டத்தின் ஆரவாரம், கொந்தளிப்பு என்று பொருள்படும். பாடியவர்கள் அதை இரைச்சல் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தே பாட்டு இரைச்சலாகிறது. நியாயம் இல்லாத இடத்திலிருந்து எழுந்தமையால் ஆண்டவருக்கு அது இரைச்சலாயிற்று. உறக்கம் பறிக்கப்பட்ட அயலானுக்கு நம் பாட்டு எவ்வாறு கேட்கும் என்பதையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும்.

முதலாம் ராஜாக்கள் நூலின் 18, 19ஆம் அதிகாரங்களை அடுத்தடுத்து வாசிப்பவர் ஒரு வேறுபாட்டைக் காண்பர். கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகள் காலைமுதல் கூவுகின்றனர். உங்கள் தேவன் உறங்குகிறான் போலும், இன்னும் உரக்கக் கூவுங்கள் என்று எலியா பரிகசிக்கிறார். அடுத்த அதிகாரத்தில் அதே எலியா ஓரேபில் காற்றிலும் அதிர்ச்சியிலும் அக்கினியிலும் ஆண்டவரைக் காணாமல், பின்வந்த மெல்லிய ஒலியில் முகத்தை மூடிக்கொள்கிறார். அங்கு ஆளப்பட்ட 'தெமாமா' என்னும் எபிரேயச் சொல்லுக்கு அமைதி என்றும் பொருள் உண்டு. தம் கடவுளுக்குக் காது கேளாது என்று அஞ்சுபவரே ஓசையைக் கூட்டுகின்றனர் என்பது எலியாவின் கேலியில் அடங்கிய இறையியல். அதிகாலையில் எழுந்து உரத்த சத்தத்தோடு நண்பனை ஆசீர்வதிப்பவனின் ஆசி சாபமாகவே எண்ணப்படும் என்னும் கருத்து நீதிமொழிகள் 27ஆம் அதிகாரத்தில் உண்டு. விடியற்காலைக் குழாய்க்கு இதைவிடப் பொருத்தமான விளக்கவுரை தேவையில்லை. அதன்மேல் பிரசங்கம் கேட்டவர் நம்மில் எத்தனை பேரோ!

ஓய்வுநாள் கட்டளையையும் இங்கு எண்ண வேண்டும். உபாகமம் 5ஆம் அதிகாரம் அக்கட்டளைக்குக் காரணம் காட்டும்போது வேலைக்காரனும் வேலைக்காரியும் எஜமானைப் போல் இளைப்பாற வேண்டும் என்கிறது. வாசல்களுக்குள் இருக்கும் அந்நியனையும், மாட்டையும் கழுதையையும்கூட அது விட்டுவிடவில்லை. தன் நேரத்தைத் தானே வகுத்துக்கொள்ள இயலாதவரின் ஓய்வைச் சட்டத்தால் காப்பதே அதன் நோக்கம். ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறும் பெண்ணின் இரவு உறக்கம் அவளுக்குக் கிடைத்த ஒரே ஓய்வுநாள். அவள் இந்துவாகவோ இஸ்லாமியராகவோ இருக்கலாம். கட்டளை அந்நியனையும் சேர்த்தே பேசுகிறது.

சிறுபான்மையினர் என்ற வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. மாதவரம் சபையார் அதைக் கூறியபோது அவர்கள் அஞ்சியது வெறும் கற்பனை என்று நாம் சொல்லத் துணியோம். ஆடி மாதத்துக் கூழ் ஊற்றும் விழாவில் பத்து நாள் முழங்கும் குழாயின் மீதும் அரசியல் கூட்டத்து ஒலிபெருக்கியின் மீதும் எவரும் வழக்குத் தொடுக்காத ஊரில், ஜெபவீட்டின் மீது மட்டும் புகார் எழுந்தால் அதில் வேறு நோக்கம் இருக்கக்கூடும். அத்தகைய இடத்தில் சமநீதி கேட்பது நம் உரிமை. ஆனால் பிறர் நிறுத்தட்டும், பிறகு நாம் நிறுத்துகிறோம் என்பது ரோமர் 14ஆம் அதிகாரத்தைப் படித்தவரின் வாதமாகாது. தன் உரிமையைப் பலவீனனின் பொருட்டுத் தானே குறுக்கிக்கொள்ளும் சுயாதீனத்தையே பவுல் அங்குப் போதிக்கிறார். கொரிந்து சபையில் ஒரே ஆரவாரம் எழுந்தபோதும், வெளியிலிருந்து உள்ளே வரும் கல்லாதவன் உங்களைப் பைத்தியக்காரர் என்பானே என்று அவர் கேட்டது அயலானின் காதை அளவுகோலாக வைத்தே.

இரைச்சல் வேறொரு தீங்கும் செய்கிறது. அது பிறர் குரலை மறைக்கிறது. 2005ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் தலைமை நீதிபதி ஆர்.சி. லகோட்டியும் நீதிபதி அசோக் பானும் ஒலி மாசு பற்றி விரிவான தீர்ப்பொன்றை வழங்கினர். அவ்வழக்குக்கு உடனடிக் காரணமாயிருந்தது ஒரு செய்தித்தாள் செய்தி. பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி வன்கொடுமைக்கு ஆளானபோது எழுப்பிய அபயக்குரல், அக்கம்பக்கத்தில் ஒலிபெருக்கியில் முழங்கிய இசையில் அமிழ்ந்து யாருக்கும் கேட்கவில்லை. அதன்பின் அவள் தன்னைத் தீக்கிரையாக்கிக்கொண்டு இறந்தாள். எகிப்தில் ஒடுக்கப்பட்டோரின் கூக்குரலைக் கேட்டேன் என்று கூறும் ஆண்டவரை ஆராதிக்கும் சபை, தன் ஆராதனையின் ஓசையால் தெருவின் கூக்குரல் கேளாதபடி செய்யுமானால் அது எத்தகைய ஆராதனை? எரிகோ வழியில் பர்திமேயுவை அதட்டியவர்கள் இயேசுவோடு நடந்து சென்றவர்கள்தாம். இயேசுவோ நின்றார்.

செய்யக்கூடியவை

2000ஆம் ஆண்டு வெளியான ஒலி மாசு விதிகள் ஆயர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியவை. எழுத்து மூலமான அனுமதியின்றி ஒலிபெருக்கி வைக்கலாகாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, மூடிய அரங்குகளுக்குள் அவ்வரங்கினர் கேட்பதற்கன்றி, அதைப் பயன்படுத்துதல் கூடாது. பண்டிகைக் காலங்களில் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்த்தலாம். கிறிஸ்து பிறப்பு, புத்தாண்டு ஆராதனைகளுக்கு நாம் நாடும் சலுகை இதுவே. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் பகுதியை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம். டிசம்பர் கீதபவனிக்கு ஒலிபெருக்கி கட்டிய வாகனம் இன்றியமையாததன்று. வீடு வீடாகச் சென்று வாசலில் நின்று பாடுவதற்கு முன்னோர் குழாய் வைத்திருக்கவில்லை.

மூடிய அரங்கு என்ற விலக்கைப் பற்றியும் ஒரு சொல். ஓட்டுக் கூரையும் திறந்த சன்னல்களும் உடைய நம் ஆலயங்கள் ஒலியைப் பொறுத்தவரை மூடியவை அல்ல. இருநூறு பேர் அமரும் ஆலயத்தில் முன்புறம் இரு பெரும் பெட்டிகளை வைத்து முழக்குவதைவிட, சுவரோரம் நான்கைந்து சிறு பெட்டிகளைத் தாழ்ந்த அளவில் வைத்தால் பேச்சு தெளிவாகக் கேட்கும், வெளியே கசிவதும் குறையும். உள்ளிருப்போர் செவிக்கும் ஆபத்து உண்டு. கேளிக்கை அரங்குகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022இல் வகுத்த எல்லை, 15 நிமிடச் சராசரியில் 100 டெசிபல். தாயின் மடியிலிருக்கும் குழந்தைக்கு அதுவும் மிகுதியே. கைபேசியில் ஒலியளக்கும் செயலிகள் இப்போது உண்டு. சில டெசிபல் பிழை இருந்தாலும் நம் தேவைக்குப் போதும். ஞாயிறு ஆராதனையின்போது சபை மூப்பர் ஒருவர் வெளியே சென்று அடுத்த வீட்டு வாசலில் நின்று அளந்து வரட்டும். பகலில் குடியிருப்புப் பகுதியின் எல்லை 55 டெசிபல். அப்படி அளக்கச் சென்றவர் அவ்வீட்டாரோடு இரண்டு வார்த்தை பேசிவருவதும் நல்லது. மாதவரத்தில் அத்தகைய பேச்சு முதலில் நிகழ்ந்ததா என்பது தீர்ப்பில் காணப்படவில்லை.

இனித் திருச்சபைப் பள்ளிகள். தேனி, கம்பம் சாலை போன்ற நெடுஞ்சாலைகளை ஒட்டி, ஒரு காலத்தில் மாட்டுவண்டி ஓடிய வழியில் கட்டப்பட்ட பள்ளிகள் தமிழகமெங்கும் பல. இன்று அங்குக் காற்று ஒலிப்பான் பூட்டிய பேருந்துகளும், கார்த்திகை, மார்கழியில் சபரிமலை செல்லும் ஊர்திகளும் இடைவிடாது ஓடுகின்றன. வகுப்பறைக்கு உலக சுகாதார நிறுவனம் 1999இல் பரிந்துரைத்த அளவு 35 டெசிபல். சன்னல் திறந்த நம் வகுப்பறைகளில் அது எட்டாத எண். எனினும் வாசிக்கக் கற்கும் முதல் மூன்று வகுப்புகளைச் சாலைப் பக்கத்து அறைகளிலிருந்து பின்புறத்து அறைகளுக்கு மாற்றி, அலுவலகத்தையும் பண்டக அறையையும் சாலைப் பக்கம் வைப்பதற்குப் பணம் வேண்டியதில்லை. அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் தாளாளரும் தலைமையாசிரியரும் ஒரு பிற்பகல் பொழுது அமர்ந்தால் முடித்துவிடலாம்.